முறிக்காத பத்தியம்

கெமாஸ்
10.6.2024

அக்காவுக்கு,

திலகா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படி.

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் போட்டால் மணி அடிக்காமலே துண்டாகிறது. மாமாவின் போனுக்கு அடித்தால், "ஒங்கக்கா சமையக்கட்டுல நிக்கிறா, இரு கூப்புடுறேன்" என்று போகிறவர், திரும்பி வந்து, "தூங்கிட்டாம்மா" என்கிறார். அடுப்படியில் நின்றுகொண்டே தூங்கும் ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதனால்தான் தபால். தோட்டத்து ஆபீஸிலிருந்து கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தால் நீ வாங்காமல் இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முடி கொட்டுகிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. சீப்பில், தலையணையில், ரசத்தில், பிள்ளையின் விரல் இடுக்கில். குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டு இவர் மூன்று முறை கம்பி விட்டு எடுத்தார். பிரசவத்துக்குப் போனபோது என் பின்னல் எவ்வளவு தடிமன் என்று உனக்குத் தெரியும். இப்போது என் சுண்டுவிரல் அளவு. நெற்றி ஓரம் இரண்டு பக்கமும் தோல் தெரிகிறது. போன மாதம் வேலைக்குத் திரும்பினேன். பள்ளிக்கூட ஆபீஸில் எல்லாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு நெற்றியைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் நீ கொண்டுவந்து வைத்த இரண்டு பாட்டில் எண்ணெயைத் தவிர என் தலையில் வேறு எதுவும் படவில்லை. சனிக்கிழமை தவறியதில்லை. யஷ்வினிக்கும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உச்சியில் தடவுகிறேன். அவளுக்கும் பின்மண்டையில் ஒரு இடத்தில் முடி இல்லை. "மல்லாந்தே கிடக்குற புள்ளைக்கு அப்படித்தாம்மா தேயும்" என்கிறார் என் நாத்தனார் வள்ளிநாயகி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அந்த எண்ணெயில் என்ன போட்டாய்? இவர் தூக்கிப் போடச் சொல்கிறார். நான் இன்னும் போடவில்லை.

முப்பதாம் நாள் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நான் சொன்ன சொல் தப்பு. அது எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுத்ததற்கு வந்தவர்கள் எல்லார் முன்னாலும் நீ என்னைப் பேசியதும் தப்பு. அது உனக்குத் தெரியும். சாப்பிடாமல் எழுந்து ஸ்டேஷனுக்குப் போனாயே, அது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு.

எண்ணெயைப் பற்றி மட்டும் பதில் எழுது. போதும்.

திலகா


கோலா சாவா
14.6.2024

திலகா,

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி புனிதா பத்துப் பேர் நிற்கும்போது, "ரதிக்கா, ஒங்களுக்குக் கடுதாசி லா! ஸ்டாம்பு ஒட்டின கடுதாசி!" என்று கத்தினாள். ஏதோ பெரிய இடத்துச் செய்தி என்று எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவள் மொட்டையாகிக்கொண்டிருக்கிறாள், அதற்கு நான்தான் காரணமாம் என்று எப்படிச் சொல்ல?

எண்ணெயில் என்ன போட்டேன் என்றா கேட்கிறாய்? உனக்குத் தெரியாததைப் போட்டேனா? கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறு பிழிந்தேன். செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, ஒரு ராத்திரி ஊறிய வெந்தயம். எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் கொட்டிச் சின்ன நெருப்பில் வைத்தேன். சடசடப்பு அடங்கும்வரை அடுப்படியைவிட்டு நகரவில்லை. திரியைத் தோய்த்துக் கொளுத்திப் பார்த்தேன். வெடிக்காமல் எரிந்தது. தண்ணீர் ஒரு துளி இல்லை. வடிகட்டி, ஆறவைத்து, பாட்டிலை வெயிலில் காயவைத்து ஊற்றினேன். இந்தத் தோட்டத்தில் பாதிப் பெண்கள் என் எண்ணெயைத்தான் தேய்க்கிறார்கள். புனிதாவின் கொண்டையை வந்து பார். உன் தலையே வளர்ந்தது அதில்தான். இருபத்தேழு வருஷம் கொட்டாத முடி இப்போது கொட்டுகிறது என்றால் குற்றம் எண்ணெயிலா?

கல்யாணத்துக்கு சிரம்பான் போய் இஸ்திரி போட்ட மாதிரி முடியை நீட்டிவிட்டு வந்தாயே, அதைக் கேட்டாயா? கடையில் நுரை நுரையாக வாங்கி ஊற்றினாயே, அதைக் கேட்டாயா? இல்லை. ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்றவளைத்தான் கேட்பாய். நான்தான் இளிச்சவாய்.

சொன்ன சொல்லைப் பற்றி எழுதப் போவதில்லை என்கிறாய். எழுதக் கூசுகிறதா? நான் எழுதுகிறேன். "நீ பெத்திருந்தா தெரியும்." அதுதானே? எனக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. ஊரில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களுக்கு அதே இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு என்ன திருப்பிக் கொடுக்க? அம்மா போனபோது உனக்கு நாலு வயது. மேற்கொண்டு எழுதினால் சொல்லிக்காட்டுவதாக ஆகிவிடும்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நான் சொல்லிக்கொடுத்த பத்தியம் இருந்தாயா, இல்லை அதையும் காற்றில் விட்டாயா?

எண்ணெயைத் தாராளமாகத் தேய். குறை இருந்தால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு.

ரதி


கோலா சாவா
18.6.2024

திலகா,

போஸ் லாஜூ விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளைக்கோ மறுநாளோ கிடைத்துவிடும்.

இன்று மத்தியானம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, எண்ணெயை இரண்டு பேருக்கும் உடனே நிறுத்தச் சொன்னேன். பிள்ளையைக் கிளினிக்கில் காட்டச் சொன்னேன். "ஏங்க்கா, என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதவும் வரவில்லை. இது நாலாவது தாள்.

கரிசலாங்கண்ணியை எப்போதும் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில்தான் பறிப்பேன். இந்தப் பிப்ரவரியில் அடித்த வெயிலில் அங்கே ஒன்றும் நிற்கவில்லை. இருந்ததும் புழு அரித்த இலை. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் காய்ச்சுகிறோம், நல்ல இலையாக வேண்டும் என்று பதினாலாம் நம்பர் தீம்பாருக்கு, அந்தச் செம்பனைக் காட்டுக்கு, நடந்தேன். மரங்களுக்கு நடுவே ஓடை போகிறது. கரையில் முழங்கால் உயரத்துக்கு மதமதவென்று நின்றது. ஒரு கோணிப்பை நிறையப் பறித்தேன். அது பிப்ரவரி இருபத்தேழு. மறுநாள் இடித்தேன், காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மருந்தடிக்கிற ஆட்களுக்கு மண்டோர் தர்மேந்திரன் வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினாலாம் நம்பருக்குப் போன வாரம்தான் களைக்கு மருந்து அடித்தார்களாம். "அதுக்கு முந்தி எப்ப அடிச்சது?" என்று யாரோ கேட்டார்கள். "பிப்ரவரி இருவத்தாறு, திங்கக்கெழம" என்றார்.

நான் பறித்தது செவ்வாய்க்கிழமை.

நான் நாற்றுமேடையில் வேலை செய்கிறவள். தீம்பாரில் என்றைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் தோட்டத்தில் இருந்துவிட்டு கேட்கத் தோன்றவில்லை. களை மருந்து பட்ட செடி அன்றைக்கே வாடாது. ஒரு வாரம் பத்து நாள் பச்சையாகத்தான் நிற்கும். பார்த்தால் தெரியாது. மூன்று தண்ணீரில் அலசினேன். அலசினால் போகுமா, காய்ச்சினால் போகுமா, ஒன்றும் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் பயமாக இருக்கிறது.

அந்த எண்ணெயை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு பாட்டிலும் உங்கள் இரண்டு பேருக்காக மட்டும் காய்ச்சியது.

பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போ. டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காதே. என் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் சொல். போன கடிதம் இதற்கு முன்னால் வந்திருந்தால் அதைக் கிழித்துவிடு.

ரதி


கெமாஸ்
21.6.2024

அக்கா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் எது வந்தது என்று தெரியாமல் பெருமைக் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். எண்ணெயைத் தாராளமாகத் தேய் என்று படித்த கையோடு மற்றதைப் பிரித்தேன்.

நேற்றே போய்விட்டோம். டாக்டர் மலாய்க்காரப் பெண். யஷ்வினியின் உடுப்பைக் கழற்றி உச்சி முதல் பாதம்வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தோலில் ஒன்றும் இல்லை, எடை சரியாக இருக்கிறது, சிரிக்கிறாள், பால் குடிக்கிறாள் என்றார். இருந்தாலும் நீங்கள் சொல்வதை வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அந்தக் கையில் ஊசி போட இடம் தேடினார்கள். மூன்றாவது தடவைதான் கிடைத்தது. இவர் வெளியே போய்விட்டார். நான் பிடித்துக்கொண்டேன்.

என் ரத்தத்தையும் எடுத்தார்கள். அங்கே மஹ்ஜபீன் என்று ஒரு நர்ஸ், எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரெம்பாவ் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். நன்றாகப் பேசுகிறார். என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க?" என்றார். பிள்ளைக்கு என்ன என்று முதலில் சொல்லுங்கள், என்னைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நேற்று முழுக்க உன்னைத் திட்டினேன். வள்ளிநாயகி அண்ணியும் கூடச் சேர்ந்து திட்டினார். அவர் திட்டியதும் எனக்கு அவர் மேல் கோபம் வந்துவிட்டது. என் அக்காவை நான் திட்டலாம், நீங்கள் திட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இப்போது இந்த வீட்டில் அவரும் என்னோடு பேசுவதில்லை.

நீ மறைக்காமல் எழுதினாய். வேறு யாராவது என்றால் எண்ணெயை ஊற்றிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அதையும் நினைக்கிறேன். ஆனால் அதற்காக நன்றி சொல்லும் நிலையில் இல்லை. பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வராதே. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

திலகா


கோலா சாவா
24.6.2024

திலகா,

உன் கடிதம் இன்று வந்தது. நீ எழுதுகிறவரை சும்மா இரு என்கிறாய். நான் சும்மா இருக்கிற ஆளா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தர்மேந்திரன் வீட்டுக்கே போய்விட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஆபீஸில் சொல்லி என்னை வேலையைவிட்டுத் தூக்கினாலும் சரி, அந்த மருந்து என்ன மருந்து, தலையில் பட்டால் என்ன செய்யும், எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். அவர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, "எந்த எடத்துல பறிச்சீங்க, வந்து காட்டுங்க" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

போய்ப் பார்த்தால், தீம்பார் முழுக்கப் புல் வைக்கோலாகக் கிடக்கிறது. போன வாரத்துக்கு முந்தின வாரம் அடித்த மருந்து. அதைப் பார்த்ததும் பிள்ளையின் தலைதான் ஞாபகம் வந்தது. அவர் பாட்டுக்கு முன்னே போனார். ஓடைக்கு மூன்று வரிசை மரம் இருக்கும்போது நின்று, "இங்கியா, அங்கியா?" என்றார். நான் கரையைக் காட்டினேன். அங்கே எல்லாம் பச்சை! பச்சை என்றால் நான் அன்றைக்குப் பறித்தது போலவே மதமதவென்று. ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. கோடு கிழித்த மாதிரி, இந்தப் பக்கம் வைக்கோல், அந்தப் பக்கம் கீரைப் பாத்தி.

"அக்கா, மரத்துல செவப்பு பெயிண்டு தெரியுதா?" என்றார். தெரிகிறது, ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் ஒரு வளையம். "அது எதுக்குன்னு நெனச்சீங்க?" அழிக்கப் போகிற மரத்துக்கு அடையாளம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியே சொன்னேன். அந்த மனுஷன் மோட்டார் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இருவத்தாறு வருசமா தோட்டத்துல இருக்கீங்க, செவப்பு மரம் தெரியாதா லா? இதுக்கு அந்தப் பக்கம் மருந்து போகக்கூடாது, உரம் போகக்கூடாது. ஓடத்தண்ணி கெட்டுப்போவும்னு சட்டம். ஒரு சொட்டு பட்டுச்சுன்னா என் வேல போயிரும்!"

பிப்ரவரியிலும் அப்படித்தானா என்று கேட்டேன். ஐந்து வருஷமாக அப்படித்தானாம். காற்றில் பறந்து வந்திருக்காதா என்றும் கேட்டேன். வந்திருந்தால் பத்து நாளில் கரையே காய்ந்திருக்கும், என் ஆட்கள் என்னிடம் திட்டு வாங்கியிருப்பார்கள் என்றார். அங்கேயே ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். முள் குத்தியது. பரவாயில்லை.

இதை வைத்து நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மருந்து இல்லாத இடத்தில் பறித்தேன் என்றால் அது என் புத்தியால் இல்லை, யாரோ அடித்த பெயிண்டால். ரத்த முடிவு வரட்டும். ஆனால் இன்று நீ கொஞ்சம் தூங்கு. அதற்காகத்தான் இதை ராத்திரிக்குள் எழுதி முடித்தேன்.

அப்படியானால் உன் முடி ஏன் கொட்டுகிறது? அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ரதி


கெமாஸ்
29.6.2024

அக்கா,

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைப் படித்துவிடு. ஈரல், சிறுநீரகம், ரத்தம் எல்லாம் சுத்தம். பின்மண்டை வழுக்கை மல்லாந்து கிடப்பதால்தான், உட்கார ஆரம்பித்தால் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். வள்ளிநாயகி அண்ணி மூன்று வாரமாகச் சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கிளினிக் வாசலில் நானும் இவரும் மாறி மாறி அழுதோம். யஷ்வினி எங்கள் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தாள்.

இனி என்னைப் பற்றி. எனக்கு ரத்தம் எட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். மஹ்ஜபீன் மிஸ்ஸி என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"புள்ள பெத்து மூணு நாலு மாசத்துல முடி கொட்டுறது பாதிப் பேருக்கு நடக்குறதுதான் லா. தானா நின்னுரும். ஆனா இவ்வளவு கொட்டாது. ஒங்க ஒடம்புல ரத்தமே இல்லையே. என்னதான் சாப்புடுறீங்க?"

"சோறு, பூண்டுக்கொழம்பு, மொளகு ரசம், சுட்ட கருவாடு."

"கீரை?"

"இல்ல."

"முட்டை? மீனு? பழம்?"

"இல்ல. பத்தியம்."

"எத்தன நாளா?"

"புள்ள பொறந்ததுலருந்து."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு மாசமாகப் போவுது! நாப்பது நாளைக்குத்தானே சொல்லுவாங்க? யாரு இப்படி இருக்கச் சொன்னது?"

"அக்கா."

"நிறுத்தச் சொல்லலையா?"

"இல்ல. நாங்க பேசிக்கிறது இல்ல."

நான் சொன்னதை என் காதாலேயே கேட்டபோதுதான் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பிரசவமாகி வீட்டுக்கு வந்த அன்று நீதான் பத்தியம் வைத்தாய். கீரை குளிர்ச்சி, முட்டை கிரந்தி, பழம் சளி, நான் சொல்லும்வரை தொடாதே என்றாய். நாற்பதாம் நாள் முருங்கைக்கீரையும் விரால்மீனும் கொண்டுவந்து, முதல் வாய் என் கையாலே ஊட்டி முறித்துவைக்கிறேன் என்றாய். நம் வீட்டில் பத்தியம் வைத்தவர்தானே முறிக்க வேண்டும். முப்பதாம் நாள் சண்டை. நாற்பதாம் நாள் நீ வரவில்லை.

அன்று மத்தியானம்வரை சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பூண்டுக்குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டேன். நீ ஒருநாள் வந்து என் தட்டைப் பார்த்து, ஐயோ என்று அடித்துக்கொள்ள வேண்டும் என்று வீம்பு. இவர் முட்டை வறுத்து வைத்தார். தொடவில்லை. "ஒங்கக்கா என்ன சாமியா?" என்று அண்ணி கேட்டார். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் வயிறு கட்டுகிறது என்று நானே நிறுத்தினேன். அது உன் தப்பு இல்லை.

போகப் போக வீம்பும் மறந்துவிட்டது. கை வரவில்லை, அவ்வளவுதான். முட்டையைப் பார்த்தால் அக்கா இன்னும் சொல்லவில்லையே என்றுதான் தோன்றும். ஆபீஸில் வடை கொடுத்தால், உள்ளே கீரை இருக்கிறதா என்று பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

நீ பெத்திருந்தா தெரியும் என்று உன்னைச் சொன்னேன். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பெற்ற அம்மா இருந்து சொல்லியிருந்தால் நாற்பத்தோராம் நாளே முட்டை தின்றிருப்பேன். நீ சொன்னதால்தான் இன்னும் தின்னவில்லை.

இப்போது என்ன செய்யட்டும், சொல்.

திலகா


கோலா சாவா
2.7.2024

அடியே திலகா,

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு முட்டையை அவி. அவிந்ததும் வந்து மிச்சத்தைப் படி.

பத்தியத்தை முறித்துவிட்டேன். எழுத்தாலேயே முறித்துவிட்டேன். கீரை தின்னு, மீன் தின்னு, கொய்யாப்பழம் தின்னு. மாத்திரை வயிறு கட்டினால் பப்பாளி தின்னு. முருங்கைக்கீரையில் கைப்பிடிப் பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கு. பச்சைப்பயறு அவித்து வை. ஈரல் பிடிக்காது என்பாய், மிளகு தூக்கலாகப் போட்டால் தெரியாது. சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிக்காதே, மாத்திரை ஒட்டாது என்று புனிதா சொன்னாள். கருவாட்டைத் தூக்கி எறி.

கடிதம் கிடைத்ததும் போனை எடுத்தேன். உன் நம்பரைத் திறந்தேன். உன் பெயரைப் பார்த்ததும் அடிக்காமல் மூடிவைத்துவிட்டேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, முட்டை கொடுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றேன். "நான் சொன்னா நம்பமாட்டாக்கா. நீங்களே எழுதிக் குடுங்க" என்கிறார். அஞ்சு மாதமாக அந்த மனுஷன் வறுத்து வைத்த முட்டையெல்லாம் யார் தின்றது?

நான் என்ன சொல்ல? எண்ணெய்க்காகக் குதித்தேன். மருந்துக்காக நடுங்கினேன். ஏழு நாள் தூக்கமில்லாமல் ஓடையையும் மரத்தையும் சுற்றினேன். உன்னைக் கெடுத்தது ஓடையில் இல்லை. நான் வாயைத் திறந்து நாற்பதாம் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லும்வரை என்றேன், சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கீரை குளிர்ச்சி என்று எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஏன் கீரை ஆகாது என்று யாரையும் நான் கேட்டதில்லை. மிஸ்ஸியிடம் கேட்டு எழுது. இனி யாருக்கும் அப்படிச் சொல்லமாட்டேன்.

நாற்பதாம் நாள் எனக்கு மறந்துபோனது என்று நினைத்துக்கொள்ளாதே. அன்று விரால் வாங்கினேன். கீரை உருவினேன். சிரம்பான் ஸ்டேஷன்வரைக்கும் வந்தேன். அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தது. திரும்பிவிட்டேன். மீனை உன் மாமாதான் சாப்பிட்டார். உப்பு இல்லை என்றார்.

நீ கடைசியில் எழுதியிருக்கிறாயே, பெற்ற அம்மா என்று இரண்டு வரி. அதை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நின்றுவிட்டேன். மிச்சத்தை அவர் வாங்கிப் படித்தார். அம்மா போன இந்த இருபத்தேழு வருஷத்தில் யாரும் எனக்கு அப்படி ஒன்று சொன்னதில்லை. அந்தச் சண்டை தீர்ந்தது, போ.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பாட்டில் எண்ணெய் கொண்டுவரவில்லை. கூடை நிறையக் கீரை கொண்டுவருகிறேன். எங்கே பறித்தது என்று நீ கேட்கலாம். எங்கே பறித்தது, யார் பக்கத்தில் நின்றது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

முட்டை அவிந்துவிட்டதா?

ரதி


கெமாஸ்
26.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில்தான் நான் முழுசாகப் பேச முடிகிறது. அதனால் இதையும் தபாலிலேயே போடுகிறேன்.

நேற்று ரத்தம் பார்த்தார்கள். பத்தரை ஆகிவிட்டது. மஹ்ஜபீன் மிஸ்ஸி, "ஒங்கக்கா போன் நம்பர குடுங்க, ஒங்களுக்கு மாத்திர குடுக்குறதவிட அவங்களச் சொல்லச் சொல்லிடலாம்" என்கிறார். கீரையில் குளிர்ச்சி ஒன்றும் இல்லையாம். பிள்ளை பெற்றவள்தான் முதலில் தின்ன வேண்டுமாம். குளியலறைக் குழாய் இரண்டு வாரமாக அடைக்கவில்லை. நெற்றி ஓரம் குட்டிக் குட்டியாக முடி முளைத்து, சீவினாலும் படியாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆபீஸில் எல்லாரும் இப்போதும் நெற்றியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நானும் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வள்ளிநாயகி அண்ணி உன்னிடம் எண்ணெய் கேட்கிறார். நேரில் கேட்கக் கூச்சமாம். குழாயடியில் பறித்ததாகவே இருக்கட்டும், நிறம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லச் சொன்னார்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி யஷ்வினிக்கு ஆறு மாதம் முடிகிறது. சோறு கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். முதல் வாய் யார் ஊட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. இவர் என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. நீதான்.

மறுநாள் சனிக்கிழமை வந்து ஊட்டிவிடு. குழைத்த சோறு, பருப்பு, ஒரு துளி நெய். வேறு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று நீ ஒரு பட்டியல் போடுவாய், தெரியும். போடு. நான் கேட்பேன்.

ஆனால் இந்த முறை எதுவரைக்கும் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறு.

உன்
திலகா